மலையில்லாத ஊர் தேடி

ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது என்று இருக்கிற மனிதரை எங்கே அழைத்துக்கொண்டு போவது? கார்த்திகை மாதம் முழுக்க எனக்கு இதே யோசனை.

அந்த மனிதர் என் அண்ணன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயம். ஆடி மாதம் அண்ணி இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம், திரும்பி வந்தது உடம்புதான். அன்றைக்கு அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அழவில்லை. வந்தவர்கள் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கப்புறம் வயலுக்குப் போகிறார், வருகிறார், மாட்டுக்குத் தவிடு வைக்கிறார், ஏதாவது கேட்டால் "ம்" என்கிறார். கரும்பு நன்றாகத்தான் வளர்ந்தது. அண்ணன்தான் பாதியாக இளைத்துப்போனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்புகிற வரைக்கும் மலைமேல் கால் வைக்கக் கூடாது. அண்ணி உயிரோடு இருந்தபோது அண்ணன் இந்த மாதிரி வழக்கங்களைக் காதில் போட்டுக்கொண்டவரே அல்ல. புரட்டாசி சனிக்கிழமையில் கறி வாங்கி வந்து வாசலில் நிற்பார், அண்ணியிடம் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொள்வார். இப்போது, அண்ணி சொல்லிச் சொல்லி வாய் வலித்த அத்தனையையும் ஒன்று விடாமல் கடைப்பிடிக்கிறார். எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர இன்னும் நாள் இருந்தது. அதற்குள் எங்கேயாவது நாலு இடத்தைக் காட்டிக் கூட்டி வந்தால் மனுஷன் தேறுவார் என்று நினைத்தேன். திருப்பதி, மலை. பழனி, மலை. திருவண்ணாமலைக்குப் பெயரிலேயே மலை. ஊட்டியில் சாமிக்காகவா போகிறோம் என்று கேட்டுப் பார்த்தேன். "மலைன்னா மலைதாண்டா" என்று சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற கல்வராயன் மலைக்குப் போய் அருவியில் குளித்துவிட்டு வரலாம் என்றாலும் அதே பதில். சரி, கடற்கரைக்குப் போகலாம் என்றால், அண்ணியின் சாம்பலைக் கடலூர்க் கடலில்தான் கரைத்தோம். அதையும் கழித்தேன்.

அப்போதுதான் டிவியில் பாலைவனம் காட்டினார்கள். ஒட்டகம், மணல், அதற்கு அந்தப் பக்கம் மறுபடியும் மணல். ஜெய்சல்மேர் என்று ஓர் ஊராம். ராஜஸ்தானத்தின் கடைசியில் இருக்கிறதாம். கோட்டையும் உண்டாம். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பாலைவனத்தில் ஏது மலை? என் மனைவி அண்ணன் வீட்டில் தங்கி மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அண்ணனிடம் சொன்னேன்.

"அங்க மலை கீதா?" என்று கேட்டார்.

"தரையோட தரையா மணலுண்ணா. ஒரு மேடுகூடக் கெடையாது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவன். வடக்கே போகாத மாநிலம் இல்லை. ஆனால் எந்த ஊரிலும் பார்த்தது மார்க்கெட்டின் பின்பக்கத்தைத்தான். எடைமேடையிலும் செக்போஸ்டிலும் கற்ற இந்தி, திட்டவும் கெஞ்சவும் போதும். குடியிருப்பது தியாகதுருகத்தில். எங்கள் ஊரிலேயே மலைமேல் பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. அதன்மேல் நான் ஏறியதில்லை. வீட்டு வாசலில் கிடக்கிற கோட்டையை விட்டுவிட்டு ரயில் ஏறி இன்னொரு கோட்டைக்குப் போகிறானே என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

ஜெய்சல்மேரில் இறங்கியதும் முதல் அடி குளிர். பாலைவனம் என்றால் வெயில் என்று நம்பி ஆளுக்கு நாலு வேட்டியும் துண்டும் எடுத்து வந்திருந்தோம். மார்கழிக் காலையில் அங்கே பல் கிட்டிக்கொள்கிறது. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். ஆட்டோக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்து, "பாபுஜி, குளிரை உங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்தீர்களா?" என்று கேலி செய்தார். எங்கள் ஊரில் குளிரே கிடையாது என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. போகிற வழியில் வண்டியை நிறுத்தி, கம்பளிக் கடையைக் காட்டி, அவரே பேரம் பேசி ஆளுக்கு ஒரு போர்வை வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. போர்வையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

ஒரு திருப்பத்தில் வண்டி வளைந்தது. எதிரே கோட்டை.

மஞ்சள் கல்லில் உருண்டை உருண்டையான கொத்தளங்கள். காலை வெயில் அப்போதுதான் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. முப்பது வருஷ லாரி வாழ்க்கையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அண்ணனும் வாயைப் பிளந்து பார்த்தார்.

"அச்சு வெல்லத்த அடுக்கி வெச்சா மாதிரி கீதுடா" என்றார்.

ஐந்து மாதத்தில் அவராகப் பேசிய முதல் முழு வாக்கியம் அது. எனக்குக் கண் கலங்கியது. அந்தச் சந்தோஷம் வண்டி அடுத்த தெருவுக்குள் நுழைகிற வரைக்கும்தான்.

"ஆமா, அது எது மேல நிக்குது?" என்றார் அண்ணன்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். வெல்லத்துக்குக் கீழே பாறை. பாறை சரிந்து இறங்கி ஊருக்குள் முடிகிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத மலை. ஆட்டோக்காரரிடம் மெல்லக் கேட்டேன். "ஆமாம் பாபுஜி, மலைக்குப் பெயர் திரிகூடம். மேலே கோயில்கள்கூட நிறைய இருக்கின்றன" என்று பெருமையாகச் சொன்னார்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு மேடுகூடக் கெடையாதுன்னியேடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

கோட்டைக்கு அடிவாரத்திலேயே விடுதி. சாமான்களை வைத்துவிட்டு வெளியே வந்தோம். கோட்டை வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, மதிலை ஒட்டி ஒரு டீக்கடை. அண்ணன் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கயே குந்திக்கினு இருக்கறேன்" என்றார். கெஞ்சினேன். கோயிலுக்குள் நுழைய வேண்டாம், தெருவில் நடந்துவிட்டு வரலாம் என்றேன். அசையவில்லை. அந்த வழக்கம் எனக்கும் உண்டுதான், கோபத்தில் அதைப் பார்க்காமல் நான் மட்டும் ஏறினேன்.

அந்தக் கோட்டையில் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கோட்டையில் ஆடுதான் மேயும். இங்கே ராஜா காலத்துச் சந்துகளில் ஸ்கூட்டர் வருகிறது, எதிரே மாடு வருகிறது, நடுவில் மாட்டிக்கொண்டவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். கல்லில் பூவேலை செய்த மாடத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது. ஒரு வீட்டில் பூண்டு தாளிக்கிற வாசனை. சமணக் கோயில் ஒன்றில் தூணுக்குத் தூண் சிற்பம். கல்லை இப்படியும் குடைய முடியுமா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

பீரங்கி வைத்திருக்கிற கொத்தளத்துக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தேன். ஊர் முழுக்க மஞ்சள் மாடிகள், அதைத் தாண்டி எல்லை தெரியாத வெட்டவெளி. நேர் கீழே டீக்கடை. பெஞ்சில் வெள்ளையாக ஒரு புள்ளி. அது அண்ணன். இவ்வளவு அழகைத் தனியாகப் பார்ப்பது பந்தியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் போல இருந்தது. சீக்கிரமே இறங்கிவிட்டேன்.

கீழே வந்து பார்த்தால், அண்ணன் டீக்கடைக்காரருடன் பேசிக்கொண்டிருக்கிறார்! அவர் பேசியது தமிழ், கடைக்காரர் பேசியது இந்தி. இரண்டு பேரும் மாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது கை ஜாடையில் தெரிந்தது. கடைக்காரர் பெயர் கிஷன். ஐம்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும், "உங்கள் அண்ணன் ஏன் மேலே வரவில்லை? காலில் வலியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எங்கள் வீடு மேலேதான் இருக்கிறது. அங்கேயே பிறக்கிறோம், அங்கேயே சாகிறோம். எங்களுக்கு அது மலை என்ற நினைப்பே வருவதில்லை" என்றார்.

பிறகு விரலை மேலே நீட்டினார். கொத்தளத்தின்மேல் ஒரு வீடு. அதில் ஒரு சின்னக் கல் ஜன்னல், அதற்குள் காவி நிற முக்காடு. அது அவருடைய அம்மாவாம். முழங்கால் போனதால் பல வருஷமாக அவர் கீழே இறங்கியதே இல்லை. நாள் முழுக்க அந்த ஜன்னலில் உட்கார்ந்து மகன் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அண்ணன் எழுந்து நின்று அந்த ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல அசைந்தது.

அன்று மத்தியானம் கிஷன் சாப்பிட வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது கையில் ஒரு தூக்குப் பாத்திரம். "அம்மா கொடுத்தார். மலை ஏறாத விருந்தாளிக்கு என்று சொன்னார்" என்றார். மருமகளைப் பிசையச் சொல்லிவிட்டு, ரொட்டி தட்டியது மட்டும் அந்த அம்மாவேதானாம். அண்ணன் மூடியைத் திறந்தார், ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டார், மெல்வதை நிறுத்தினார்.

"டேய், கம்புடா!"

கம்பேதான். நம்மூரில் கூழாகவும் களியாகவும் தின்ற கம்பை இவர்கள் கனத்த ரொட்டியாகத் தட்டி, நெய்யை ஊற்றி, பூண்டுச் சட்டினியோடு தின்கிறார்கள். அண்ணன் ஒன்றை முடித்தார். இன்னொன்றை எடுத்தார். எனக்கு வைத்திருந்த பங்கிலும் கை வைத்தார். ஆடி மாதத்திலிருந்து அவர் தட்டில் பாதியை மாட்டுக்குக் கொட்டுவதைப் பார்த்து வந்தவன் நான். அந்த ஜன்னல் இருக்கும் திசையைப் பார்த்து மனதுக்குள் விழுந்து கும்பிட்டேன்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது நம் பழக்கம் இல்லையே. அண்ணன் ரூமுக்குப் போய்ப் பையைத் துழாவி, கள்ளக்குறிச்சிச் சந்தையில் வாங்கி வந்த அச்சு வெல்லத்தில் ஒரு கை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில் பதில் வந்தது. "வெல்லம் வாயில் கரைகிற வரைக்கும் அம்மா பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், அவர் ஏற மாட்டார், நான் இறங்க மாட்டேன், இரண்டு பிடிவாதமும் சரிக்குச் சரியாகிவிட்டது என்று" என்றார் கிஷன். நான் மொழிபெயர்த்தேன். அண்ணனின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

இரண்டாம் நாள் மணல்மேடு பார்க்கப் போனோம். ஜீப்பை விட்டு இறங்கியதும் அண்ணன் நின்றுவிட்டார். எதிரே மணல் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி நிற்கிறது.

"இது மலையாண்ணா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினார். விரல் இடுக்கில் ஒழுகவிட்டார். பஞ்சாயத்தில் தீர்ப்பு சொல்லப் போகிறவரைப் போல யோசித்தார். "காத்து அடிச்சா அந்தாண்ட போய்டும். நாளைக்கு இதே எடத்துல இருக்குமா இன்னான்றதுக்கு ஒரு உத்தரவாதமும் இல்ல. இது மலை இல்லடா" என்றார். விறுவிறுவென்று ஏறினார்.

ஒட்டகம் ஏறுவதில்தான் வம்பு வந்தது. ஒட்டகம் எழுந்திருக்கும்போது பின்னங்காலை முதலில் தூக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அண்ணன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எம்மாடி! டேய், எறக்குடா! எறக்குடா!" என்று அலறினார். அது நிமிர்ந்து நின்றதும், சுற்றுலாக்காரர்கள் போகிற பாதையை விட்டுவிட்டு எதிர்த் திசையில் நடையைக் கட்டியது. ஒட்டகக்காரர் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். நான் அவருக்குப் பின்னால் ஓடினேன். மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் பின்னால்தான் போகும்.

ஒட்டகம் ஒரு குடிசை வாசலில் போய்த்தான் நின்றது. அதன் சொந்த வீடு. ஒட்டகக்காரரின் மனைவி தீனிக் கூடையோடு வெளியே வந்து, மேலே வேட்டி கட்டிய ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முக்காட்டை இழுத்துக்கொண்டார். ஒட்டகக்காரர் ஓடி வந்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார்.

அண்ணனோ மேலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "வண்டி மாடு மாதிரிடா! ஆலைல கரும்ப எறக்கிட்டுப் படுத்துத் தூங்கினா, அதுவே வூட்டப் பாத்துப் போய்க்கினு இருக்கும் பாரு, அதே மாதிரி! எந்த ஊர்ல பொறந்தாலும் மாடு மாடுதாண்டா." அது ஒட்டகம் என்று நான் திருத்தவில்லை. அந்த வீட்டில் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். அவ்வளவு புளித்த மோரை நான் வாழ்நாளில் குடித்ததில்லை. சொட்டு விடாமல் குடித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் அண்ணனைக் காணோம். பதறிப்போய் டீக்கடைக்கு ஓடினேன். சாவகாசமாக நடந்து வந்துகொண்டிருந்தார். கோட்டை மலையைக் கீழேயே சுற்றி ஒரு வலம் வந்திருக்கிறார். "ஏறத்தான் கூடாது. சுத்தக் கூடாதுன்னு உங்க அண்ணி சொல்லல" என்றார். ஐந்து மாதத்தில் அண்ணியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. சுற்றி வந்து முடிக்கிற இடத்தில் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். கை அசைந்தது. அன்று பகலெல்லாம் ஊரைச் சுற்றினோம். பழைய வியாபாரிகள் கட்டிய மாளிகைகளில் கல்லை மரம் போல இழைத்து வைத்திருந்தார்கள். ராஜா வெட்டிய குளத்தின் படியில் உட்கார்ந்து, தண்ணீரைக் கண்ட நிம்மதியில் நேரம் போவது தெரியாமல் இருந்தோம். "நாளைக்குப் பொறப்படறதுக்கு முன்னாடி, மிச்ச வெல்லத்த அந்தம்மாவுக்கே குடுத்துடலாம்" என்றார் அண்ணன்.

மறுநாள் வெயில் ஏறி நாங்கள் போனபோதும் கடை திறக்கவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "கிஷனின் அம்மா, எங்கள் மாஜி, விடியற்காலையில் போய்விட்டார். தூக்கத்திலேயே" என்றார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் அவர் முகத்தையும் ஜன்னலையும் பார்த்தார், விடுதிக்கு நடந்தார். ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வெளியே நின்றேன். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். உள்ளே மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இத்தனை தூரம் கூட்டி வந்து, சாப்பிட வைத்து, சிரிக்க வைத்து, கடைசியில் இன்னொரு சாவைக் காட்டி ஊருக்கு அனுப்பப் போகிறேன். இந்த ஊரைத் தேர்ந்தெடுத்த என்னை நானே நொந்துகொண்டேன்.

கதவு திறந்தது. வெள்ளை வேட்டி மாற்றியிருந்தார். தோளில் துண்டு. வெல்லப் பொட்டலம் மேஜைமேல் தனியாக இருந்தது. சாவு வீட்டுக்கு இனிப்பு எடுத்துப் போகக் கூடாது என்று வெளியே எடுத்து வைத்திருக்கிறார்.

"பொறப்புடு" என்றார்.

"எங்கண்ணா?"

"இன்னாடா கேள்வி கேக்கற? சாவுக்குத்தான்."

"அண்ணா, வூடு மேல கீது. மலை மேல."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தம்மா கையால சாப்ட்டுட்டு, சாவுக்குப் போவாம வண்டி ஏறச் சொல்றியா? துக்கத்துக்குப் போறது மலை ஏர்றதாடா? உங்க அண்ணி இருந்தா இன்னேரம் முன்னாடி நடந்திருப்பா."

அப்படியே நடந்தார். நான் பின்னால் போனேன். வந்த நாளிலிருந்து எந்த வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாரோ, அந்த வாசலுக்குள் நுழைந்தார். வாசலுக்குப் பிறகு இன்னொரு வாசல், அதற்குப் பிறகும் வாசல். கல் பாவிய ஏற்றம் வளைந்து வளைந்து போகிறது. வழியில் பொம்மை விற்கிறார்கள், தலைப்பாகை விற்கிறார்கள். அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. மூச்சு வாங்கியபோது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டு முற்றத்தில் ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விடிந்ததுமே எடுத்து, சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். கிஷன் மொட்டைத் தலையோடு சுவரில் சாய்ந்து கிடந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அண்ணன் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பேசியிருந்தாலும் ஒருவருக்கும் புரிந்திருக்காது.

எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இவர் யார்?" என்று கேட்டது காதில் விழுந்தது. "தென்னாட்டுக்காரர். மாஜி கடைசியாக ரொட்டி தட்டியது இவருக்குத்தானாம்" என்று அவர் சொன்னார். அதை அண்ணனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. ஏனென்றால் அண்ணன் அழுதார். வாய்விட்டு, குலுங்கி, "அய்யோ, போய்ட்டியே, என்ன வுட்டுட்டுப் போய்ட்டியே" என்று அழுதார். யாருக்காக அழுகிறார் என்பது எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே அந்தப் பெரியவர் எழுந்து வந்து அண்ணன் முதுகைத் தடவிக் கொடுத்தார். கிஷன் இன்னொரு கையால் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஆடி மாதத்தில் வர வேண்டிய அழுகை மார்கழியில், முன்பின் தெரியாத ஜனங்களுக்கு நடுவில் வந்தது. அதைத் தாங்கிக்கொண்ட அந்த முற்றத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

அழுது ஓய்ந்ததும் அண்ணன் முகத்தைத் துடைத்தார், எழுந்தார், யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தார். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. கிஷனும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது.

இறங்கும் வழியில் ஓரிடத்தில் மதில் தாழ்ந்து, மொத்தப் பாலைவனமும் வெயிலில் விரிந்து கிடந்தது. பாருங்கண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். அவர் கோட்டை பார்க்க வரவில்லை.

விடுதி வாசலில் முதலாளி எங்களைத் தடுத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்பக்கத்து முற்றத்துக்குக் கூட்டிப் போனார். இரண்டு வாளிகளில் வெந்நீர் ஆவி பறக்கத் தயாராக இருந்தது. நாங்கள் மேலே போனதை வளையல் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "துக்க வீட்டுக்குப் போனால் குளித்துவிட்டுத்தானே உள்ளே வர வேண்டும். உங்கள் ஊரில் எப்படியோ தெரியாது, குளிராக இருக்கிறதே என்று சுட வைத்தேன்" என்றார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் ஐயா என்று சொல்ல வந்தது. சொல்வதற்குப் பதில் அவரைப் பார்த்துக் கைகூப்பினேன்.

ரயில் கிளம்பியது. கோட்டை சிறுத்துச் சிறுத்து, கடைசியில் ஒரே ஒரு அச்சு வெல்லமாகி மறைந்தது. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு மழை பேஞ்சுது இல்ல?"

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. "நல்ல மழைண்ணா."

"வந்தவங்கள்லாம் எங்கடா குந்தினாங்க?"

"டிராக்டர் டிரெய்லர நிறுத்தி, அதுலேர்ந்து தார்ப்பாய இழுத்துக் கட்டனாங்க. அதுக்கு அடியில குந்தினாங்க."

"யாரு கட்டனது?"

"நமக்குக் கரும்பு வெட்ட வருவாங்களே, கல்வராயன் மலைக்காரங்க. சேதி கேட்டதும் எறங்கி வந்துட்டாங்க. நனஞ்சிக்கினே கட்டனாங்க."

அண்ணன் ஜன்னலை விட்டுத் திரும்பினார். "மலையிலேர்ந்தா வந்தாங்க?" என்றார். பிறகு, "உங்க அண்ணியோட பெரியம்மா பையன், எலவனாசூர்கோட்டைக்காரரு, அவரு வந்தாரா? அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாதே?" என்றார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்றேன். யார் தண்ணீர் தூக்கினார்கள், யார் பந்தல்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள், வந்தவர்களுக்கு டீ கிடைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். ஊர் வந்து சேருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் இப்போதுதான் திரும்பி முற்றத்தைப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"ஒருத்தரக்கூட நான் வாங்கன்னு கேக்கலியேடா" என்றார் கடைசியில்.

"சாவு வூட்ல யாருண்ணா வாங்கன்னு கேப்பாங்க? கேக்கக் கூடாது."

"ஆமா, கூடாது" என்று தலையாட்டினார்.

அடுத்த ஆடி மாதம் அண்ணிக்கு வருஷத் திதி வந்தது. சாவன்று வந்து உட்கார்ந்த எல்லோருக்கும் அண்ணன் தானே சொல்லி அனுப்பியிருந்தார். கல்வராயன் மலைக்கு ஆள் போனது. எலவனாசூர்கோட்டைக்கு வண்டி போனது. சாமி கும்பிட்டு முடித்துப் பந்தி போடுகிற நேரம், நான் தியாகதுருகத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து, "வாங்க, வாங்க" என்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. என் கையையும் பிடித்தார்.

"வாடா" என்றார்.